தொண்ணூற்றேழு

மெலோ ஊர் முடிந்து, பிரேசிலுக்குப் போகும் சாலையில்
எங்கள் பங்க்.
தொண்ணூற்றைந்துக்குப் பச்சைக் கைப்பிடி,
தொண்ணூற்றேழுக்குச் சிவப்பு.
சிவப்பைத் தூக்கினால்
லிட்டருக்குக் கால் பெசோ எனக்கு.

சனிக்கிழமைதோறும் உபால்தினோ வருவார்,
அரிசி ஆலையில் லாரிகளை எடைபோடுகிறவர்,
கக்கத்தில் மாத்தே ஃபிளாஸ்க்.
அவருடைய ஃபால்கன் அறுபத்தெட்டில் பிறந்தது,
நான் எழுபத்தொன்பதில்.
எங்கள் இருவரில் அதற்குத்தான் துரு குறைவு.

"சிவப்பு போடு, கிரிசெல்டா.
வயசான வயிற்றுக்கு நல்லதாகக் கொடுக்கணும்."
போட்டேன்.
ஒரு வருஷம் போட்டேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் விலை குறைவு.
ஊரே போய் நிரப்பிக்கொண்டு வரும்.
அவரும் ஒருமுறை போனார்.
அந்தப் பெட்ரோலில் கலந்திருந்த சாராயம்
பழைய ரப்பர் குழாயைத் தின்று தீர்த்து
வண்டியை நடுவழியில் படுக்க வைத்தது.
அன்றிலிருந்து மலிவு என்ற சொல்லே ஆகாது அவருக்கு.

ஆகஸ்டில் சிவப்பு லாரி மூன்று வாரம் வரவில்லை.
பச்சையை நிரப்பினேன்.
ஊசி போடும் அறைக்கு வெளியே நிற்பவர் மாதிரி
வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆனால் எடைபோடுகிறவர் அல்லவா,
நோட்டில் குறித்தும் வைத்தார்:
சிவப்பில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்.
பச்சையில் ஏழு.
வேறொன்றும் இல்லை,
மேட்டில் ஏறும்போது மட்டும்
தகர டப்பாவில் சில்லறை குலுங்குகிற சத்தம்.

எதிர்ப் பட்டறை இர்மா மூடியைத் திறந்தாள்,
காதைக் கொடுத்தாள்,
டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நெல்மணி அகலம்
பின்னுக்குத் திருப்பினாள்.
சில்லறை நின்றது.

"அந்த எண் பலம் இல்லை, உபால்தினோ.
அமுக்க அமுக்க, தானாகப் பற்றிக்கொள்ளாமல்
எவ்வளவு தாங்கும் என்கிற கணக்கு.
உன் வண்டி ஏழு பங்கை ஒரு பங்காக அமுக்குகிறது.
அவ்வளவுதான் அதன் கோபம்.
அதற்குப் போய் இத்தனை பொறுமையைக்
காசு கொடுத்து வாங்குவார்களா?"

சாலையைக் கடந்து நேராக என்னிடம் வந்தார்.
"உனக்குத் தெரியுமா?"
தெரியும் என்றேன்.
அங்கேயே பென்சிலை எடுத்தார்.
ஐம்பத்திரண்டு சனி, இருபது லிட்டர், கால் பெசோ.
"இருநூற்றறுபது," என்றார்,
லாரியின் எடையைக் கழித்து
அரிசியை மட்டும் சொல்லும் குரலில்.

இரண்டு எம்பனாடா வாங்கலாம் அதில்.
ஒரு வருஷம் விற்றிருக்கிறேன்.

மாதக் கடைசியில் முதலாளி பெத்ரோசா கூட்டம் போட்டார்.
சிவப்பு ஏன் இறங்கியது?
கைப்பிடியைத் தூக்கத் தெரியாதா?
சிரிக்கத் தெரியாதா?
நாற்பத்தைந்து வயதில் இதுவும் சொல்லித் தரணுமா?
அறை சின்னது. கதவு சாத்தியிருந்தது.
என் எண் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது.
அவர் கேட்டு முடிப்பதற்குள்,
பொறி வரும் முன்பே,
"பழைய வண்டிக்கு அது வேண்டாம்" என்று
கத்திவிட்டேன்.
மேஜையில் அவருடைய சில்லறை குலுங்கியது.

இப்போது எனக்கு இரவு வேலை.
பகலைவிடப் பரவாயில்லை,
நாய்கள் வரும், மாட்டு லாரிகள் வரும்.

மூன்று சனிக்கிழமை உபால்தினோவைக் காணவில்லை.
நாலாவதில் பதினொரு மணிக்கு வந்தார்.
"பச்சை. இருபது."
சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.
இன்ஜின் நிற்கவில்லை.
சாவி இல்லாமலே இருமியது,
ஒன்று, இரண்டு,
போர்வையை உதறுவதுபோல் மொத்த உடம்பையும் உதறி
மூன்று.

ஓயும்வரை இருவரும் பேசவில்லை.

"சிவப்பில் இது இருந்ததில்லை," என்றார்.
இருந்ததா, இல்லையா,
எனக்கும் நினைவில்லை.
"எழுதிக்கொள்ளுங்கள்," என்றேன்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
அவர் விளக்கடியில் நின்று
ஒவ்வொரு பையாகப் பென்சிலைத் தேடினார்.